கழுவாத மணல்

மீன் தொட்டிக்குப் போடும் மணலைக் கழுவாமல் போடக் கூடாது. கலர் மீன் வளர்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கழுவாமல் போட்டால் தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிடும், இரண்டு நாளானாலும் தெளியாது, மீன் எங்கே என்று நாம்தான் தேட வேண்டும்.

சுடர்விழி மேடம், போன வெள்ளிக்கிழமை நீங்கள் எங்கள் கடைக்கு வந்து ஒரு தாளை விட்டுப் போனீர்கள். தூசு வேலையில் நுரையீரல் கெட்டவர்களைப் பற்றி விசாரிக்கிற அதிகாரி என்று சொன்னீர்கள். பிரேம்குமார் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "இதெல்லாம் சரின்னு கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார், பைலை மூடிடலாம்" என்றீர்கள். நான் போடவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சாக்குச் சொன்னேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தத் தாளில் இருப்பது உண்மையில்லை. உண்மை கொஞ்சம் நீளம், அதனால் கடையில் கிடந்த நோட்டில் எழுதுகிறேன். என் கையெழுத்து சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மணலைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

கனகசெட்டிக்குளம் கடற்கரையில் போய் அள்ளினால் மணல் சும்மாவே கிடைக்கும், பார்க்கவும் பளபளவென்று இருக்கும். ஆனால் அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் உண்டு. ஒரு கிண்ணத்தில் எடுத்து வினிகர் விட்டால் சொர்ரென்று நுரைக்கும். நுரைக்கிற மணல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கும். நன்னீர் மீன் இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு ஒவ்வொன்றாக மிதக்கும். ஆற்று மணலில் வண்டல். பருமணலைப் போட்டால் தரையைத் துழாவித் தின்கிற மீசை மீனுக்கு மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். எனக்குத் திருப்தியானது ஒன்றுதான், தட்டாஞ்சாவடியில் இரும்பு வார்க்கிற பவுண்டரிகளுக்கு வருகிற வெள்ளை சிலிக்கா மணல். வினிகர் விட்டாலும் வாயைத் திறக்காது. எல்லாப் பருக்கையும் ஒரே அளவு. குறை என்றால் தூசுதான். மூட்டையைப் பிரித்தாலே புகை மாதிரி எழும்பும்.

அந்தத் தூசைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அப்பா, இப்போது இல்லாத ஒரு பவுண்டரியில் அச்சு உடைக்கிற வேலை பார்த்தார். வார்ப்பு ஆறினதும் அதைச் சுற்றி இருக்கிற மணலைச் சம்மட்டியால் தட்டி உதிர்க்க வேண்டும். பதினேழு வருஷம் தட்டினார். நாற்பத்திரண்டு வயதில், குழாயடிக்குப் போனவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்து நாலு வருஷம். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் எனக்குக் காட்டினார். காய்ந்த மணல் தூசு உள்ளே போனால் போனதுதான், வெளியே வராது, நெஞ்சுக்குள் கல் கல்லாக இறுகும். ஈரமாக இருந்தால் பறக்காது. எனக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பாடத்தை நான் மறக்கவே இல்லை.

கடைசிக் காலத்தில் அப்பாவை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் பிரேம்குமார். முதலியார்பேட்டையில் ஒரே வரிசை வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் அப்பா மில்லில் இருந்தார். எனக்கு அப்போது உடம்பில் தெம்பு கிடையாது, அவன்தான் தூக்கினான். நான் அதை மறுக்கவில்லை. நன்றி கெட்டவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து ஒன்பதில் நெல்லித்தோப்பில் சேர்ந்து கடை போட்டோம். பேச்சு அவன் பங்கு, மணல் என் பங்கு. அரை வாளிக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்தால் அடியில் கழுவாது. குழாயை அடிவரை விட்டு, கையை முழங்கை வரை விட்டுக் கிளற வேண்டும். மேலே வருகிற வெள்ளைத் தண்ணீரைச் சாய்த்துவிட்டு மறுபடி. பதினொரு தடவை. கடைசித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, பின்னால் பேப்பரை வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பேன். மங்கலாக இருந்தால் பன்னிரண்டாவது தடவை. விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். பிரேம்குமாரின் பெண்சாதி நிர்மலாதேவி மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்து டப்பாவில் கொடுத்தனுப்புவாள். பாண்டிச்சேரியில் எங்கள் தொட்டித் தண்ணீர் மாதிரி தெளிவான தண்ணீர் வேறு கடையில் கிடையாது. இது தற்பெருமை இல்லை, விசாரித்துப் பாருங்கள்.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று.

இரண்டாயிரத்துப் பதினேழில், பிரெஞ்சு தெருக்கள் பக்கம் ஒரு விடுதியில் ஆறடித் தொட்டி வைக்கச் சொன்னார்கள். சொந்தக்காரர் வயதான மதாம், பாதி வருஷம் பாரீசில் இருப்பவர். மூன்று நாள் மணல் கழுவினேன். பின்னால் நாலு விரற்கடை, முன்னால் இரண்டு விரற்கடை என்று சரிவாகப் பரப்பினேன். அதன்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டின்மேல் தண்ணீர் விழும்படி விட்டேன். ஒரு பருக்கை அசையவில்லை. திறப்பு விழா அன்று திரையை விலக்கினதும் வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். "மானிஃபிக், மானிஃபிக்" என்று பிரெஞ்சில் மெச்சிக்கொண்டே மதாம் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிரேம்குமார் மீனைப் பற்றிச் சொன்னான், செடியைப் பற்றிச் சொன்னான், விளக்கைப் பற்றிச் சொன்னான். நான் வாளியோடு ஓரமாக நின்றேன். மதாம் என்னைக் காட்டி, "மெஸ்யே யாரு?" என்று கேட்டார்.

"அவரா மதாம், நம்ம ராமதாசு. மணல் கழுவுறவரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. மதாம் தலையை ஆட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டாளி என்று சொல்லியிருக்கலாம். சிநேகிதன் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் ஒரே வார்த்தையில் என்னைக் கையில் வாளியோடு அங்கேயே நிற்கவைத்துவிட்டான். துரோகம் என்று ஊரில் எதை எதையோ சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்கு நடந்ததுதான் துரோகம். திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் தலையைத் திருப்பி, "மதாமு மணல பாத்துத்தான்டா மயங்கிட்டாங்க. மீனு செடியெல்லாம் சும்மா" என்றான். நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியதை, காற்றில் பாதி காதில் விழாத இடத்தில் சொல்கிறான். நான் "ம்" என்றேன். வழியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தேன்.

இனி நான் மணல் கழுவப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மீதியெல்லாம் தானாக வந்தது என்று எழுத ஆசைதான். தானாக வரவில்லை மேடம். பத்து நாள் யோசித்தேன்.

பத்து நாள் கழித்து அவனிடம் சொன்னேன். "பிரேமு, கழுவுறத விட்டுடலாம். தண்ணியும் வீணு, நாளும் வீணு. காயவெச்சுச் சலிச்சா போதும். தூசி மொத்தமும் கீழ போயிடும், மேல நிக்கிறது சுத்த மணலு."

இதில் பொய் ஒன்றுமில்லை. மாவு சலிக்கிற சல்லடையைவிட நுண்ணிய கண்ணுள்ள வலையை நானே தேடி வாங்கிவந்து, பலகைச் சட்டத்தில் அடித்துக் கொடுத்தேன். சலித்த மணலை ஒரு சின்னத் தொட்டியில் போட்டுக் காட்டினேன். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எட்டு வருஷமா உன் கைய வேகவெச்சேனேடா" என்றான்.

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில்தான் சலிக்க வேண்டும் என்றேன். காற்று வந்தால் மணல் ஒரு பக்கமாக ஒதுங்கும் என்று சொல்லி ஜன்னலுக்குப் பலகை வைத்து அடித்தேன். ஆணி நாலு. ஃபேன் கூடாது என்றேன். மணலில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் வலை அடைத்துக்கொள்ளும், அதனால் தண்ணீரே உள்ளே வரக் கூடாது என்றேன். "இதுக்கு உன் கைதான் வரும், எனக்கு மணிக்கட்டு போச்சு" என்றேன். என் மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை.

முதல் நாள் நானும் கொட்டகை வாசல் வரை போனேன். அவன் கையை நீட்டி மறித்தான்.

"நீ உள்ள வராதடா. உனக்கு இது ஒத்துக்காது. உங்கப்பா கத எனக்குத் தெரியாதா?"

"அப்ப உனக்கு?"

"அவரு நாளெல்லாம் தட்டுனாரு. நான் ரெண்டு மணி நேரம் சலிக்கப் போறேன். என்ன ஆயிடப் போவுது?"

"ஒண்ணும் ஆவாது" என்றேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

இதைக் கவனியுங்கள் மேடம். சலிக்கிற வேலைதான் இனி முக்கியம் என்று தெரிந்ததும் என்னை வாசலோடு நிறுத்திவிட்டான். அடுத்த ஏழு வருஷமும் அந்தக் கொட்டகைக்குள் என்னைக் காலெடுத்து வைக்க விட்டதில்லை. அங்கேயும் அவன்தான் எல்லாம். எனக்கு வசதியாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன், ஆனால் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

மணல் பெயர் வாங்கிவிட்டது. பாக்கெட் போட்டுக் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அனுப்பினோம். தவளக்குப்பத்தில் ஒரு கடைக்காரர் எங்கள் மணலைத் தவிர வேறு தொடமாட்டார். இரண்டு மணி நேரம் நாலு ஆயிற்று, நாலு ஆறு ஆயிற்று. சலித்துவிட்டு வெளியே வரும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். தெருவில் போகிறவர்கள் "என்னா மாப்ள, பவுடர் தூக்கலா இருக்குது" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தலையைத் தட்டுவான். நான் ஒரு சொம்பு மோர் வைத்திருப்பேன். ஒரு நாள்கூட மறந்ததில்லை.

நிர்மலாதேவி ஒரு தடவை என்னிடம் கேட்டாள். "ஏண்ணா, இவ்ளோ தூசி உடம்புக்கு ஆவுமா?" மோர் குடித்தால் தொண்டையில் நிற்காது, சரியாகப் போய்விடும் என்றேன். அவள் நம்பினாள். என்னை நம்பாமல் யாரை நம்புவாள்?

கொரோனா வந்தது. ஊரே மாஸ்க் போட்டது. அவள் ஒரு பெட்டி நிறைய வாங்கிக் கடையில் வைத்தாள். பிரேம்குமார் கல்லாவில் உட்காரும்போது மாஸ்க் போட்டுக்கொள்வான், கொட்டகைக்குப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். நான்தான் சொன்னேன். "உள்ள நீ ஒத்த ஆளு. யாருக்கு யாரு நோயக் குடுக்கப் போறாங்க? மூச்சு முட்டும், கழட்டிடு." அவனுக்கும் அது சரி என்றுதான் பட்டது. அந்த மாஸ்க் மட்டும் சுத்தமாக ஆணியில் தொங்கும், பார்த்திருக்கிறேன்.

இருமல் இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பான். டாக்டரிடம் கூட்டிப்போனது நான். படத்தைப் பார்த்துவிட்டு டி.பி.யாக இருக்கலாம் என்றார். "என்ன தொழில்?" என்று கேட்டார். பிரேம்குமாருக்கு இருமல் அடங்கவில்லை, அதனால் நான் பதில் சொன்னேன். "கலர் மீன் கடை சார். நாளெல்லாம் தண்ணியிலதான் வேல." அவர் எழுதிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. மீன் கடைக்காரனின் நெஞ்சில் பவுண்டரி மணல் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டான். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சலித்தான்.

அந்த ஆறு மாதத்தில் எப்போது வேண்டுமானாலும் நான் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் அந்த மணலில் ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. அவன் படிக்கட்டில் நிற்பதைப் பார்க்கும்போது அப்பா ஞாபகம் வரும், கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதோடு மதாம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டதும் ஞாபகம் வரும். இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

மீதி உங்களுக்குத் தெரியும். போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே ஒரு டாக்டர் என்னைக் கேட்காமல் நிர்மலாதேவியைக் கேட்டார். அவள் சல்லடையைச் சொன்னாள். அப்புறம்தான் உங்கள் ஆபீசுக்குத் தகவல் வந்தது. இனி நுரையீரல் திரும்பாது, இருக்கிறவரை ஆக்சிஜன்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஐம்பத்தொரு வயது.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். பிரேம்குமார் உங்களிடம் சொல்லியிருப்பது இது: "மணலை நனைச்சுதான் வேல செய்யணும், மூக்கை மூடிக்கணும்னு ராமதாஸ் எங்கிட்ட பல தடவ சொன்னான். நான்தான் பிடிவாதமா கேக்கல. இதுல வேற யார் மேலயும் குத்தம் இல்ல."

நான் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவனுக்கும் அது தெரியும். நல்லது நினைத்துச் சொல்லியிருக்கிறான், என்னைக் காப்பாற்றுகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். அன்றைக்குக் கடையில் இருந்த நிர்மலாதேவியும் அப்படித்தான் நினைத்து, உங்களுக்கு எதிரிலேயே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அவனை நாற்பது வருஷமாகத் தெரியும். நல்லது நாலு சொல்லிவிட்டு, பேச்சு எடுபடாதவனாக ஓரமாக நின்ற ஆள் நான் என்று அதில் எழுதியிருக்கிறது. அன்றைக்கு மதாம் எதிரில் வாளியோடு நிறுத்தினான். இன்றைக்கு அரசாங்கக் காகிதத்தில் நிறுத்துகிறான். என் வாழ்க்கையில் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நானே யோசித்து, நானே செய்து, ஒரு பிசகும் இல்லாமல் முடித்த காரியம் இது ஒன்றுதான். இதையும் தன் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டான்.

ஆகவே நீங்கள் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். சலிக்கச் சொன்னது நான். வலை வாங்கியது நான். ஜன்னலை அடித்தது நான். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னது நான். டாக்டரிடம் தண்ணீர் வேலை என்று சொன்னது நான். காய்ந்த மணல் மனிதனை என்ன செய்யும் என்று என் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தெரிந்தே ஏழு வருஷம் சலிக்கவிட்டுப் பிரேம்குமாரைக் கொன்றுகொண்டிருக்கிறேன். இதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். கண்ணாடி பையில்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை அவனுக்குக் காது கேட்கும்போதே படித்துக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன், அவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கு விளங்கும். நேற்று ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் அவனுக்கு எதிரே ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டுதான் பொழுது போகிறது. அடிமணல் கறுத்துவிட்டது, மாற்றிக் கொடுங்களேன் என்று நிர்மலாதேவி கேட்டிருந்தாள். புது மணல் ஒரு பாக்கெட் கொண்டுபோனேன். உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரிக்கப் போனேன். அவன் கையைத் தூக்கினான். மூக்கிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினான்.

"டேய்... காஞ்ச மணலு... மொதல்ல தண்ணி ஊத்து... மூக்குல துணி கட்டிக்கடா."

பாருங்கள் மேடம். இந்த நிலைமையிலும், மணலை எப்படிக் கழுவ வேண்டும் என்று எனக்கு வேலை சொல்லித்தருகிறான்.